"ஒன்றும் செய்யாது!" என்று சொன்னால் போதுமா?

வீட்டு நாய் ஆள்மேல் தாவுகிறது. வந்தவர் பயப்படுகிறார். குற்றம் யாருடையது? நாயின் குற்றமா, வளர்த்தவரின் குற்றமா?

காலை 10 மணி. சமையல் எரிவாயு சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு ஒருவர் வாசலில் நிற்கிறார். கேட்டு திறக்கிறது. உள்ளே இருந்து நாய் பாய்ந்து வருகிறது. முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கி அவர் மார்பிலே வைக்கிறது!

அவருக்கு மூச்சே நின்றுவிடும்போல் இருக்கிறது. தோளில் பாரம். பின்னால் படிக்கட்டு. அவர் எங்கே போவார்?

வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வருகிறார்.

"பயப்படாதீங்க! அது ஒண்ணும் பண்ணாது!" என்கிறார்.

நாய் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. அவருடைய நாயைப்பற்றி அவருக்குத் தெரியும். அது கொஞ்சத்தான் வருகிறது. ஆனால் வாசலில் நிற்பவருக்கு அது எப்படித் தெரியும்? பாய்ந்து வருகிற நாய் கொஞ்ச வருகிறதா, கடிக்க வருகிறதா என்று பார்க்க அவருக்கு ஒரு வினாடிதான் இருக்கிறது. அந்த ஒரு வினாடியில் அவர் பின்னால் நகருகிறார், கால் இடறுகிறது, விழுகிறார்.

முன்பெல்லாம் இது இரண்டு வீட்டுச் சண்டையோடு முடிந்துவிடும். இப்போது அப்படி இல்லை. நாய் விஷயம் இன்று போலீஸ் நிலையத்துக்குப் போகிறது. மாநகராட்சிக்குப் போகிறது. சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய்விட்டது!

சென்னைப் பூங்காவில் நடந்தது

2024-ம் வருடம் மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியில் உள்ள ஒரு பூங்காவில் 5 வயதுச் சிறுமி ஒருத்தியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. அவை தெருநாய்கள் அல்ல. வீட்டிலே வளர்ந்த நாய்கள். கயிறு கட்டாமல் வந்தவை. நாயின் சொந்தக்காரர் கைதானார். இந்தச் செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2024 மார்ச்சில், மத்திய சர்க்கார் 23 நாய் இனங்களுக்குத் தடை விதிக்கும்படி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது. ஏப்ரலில் கர்நாடக ஐகோர்ட்டு அந்தக் கடிதத்தை ரத்து செய்தது.

அடுத்த வருடம் விஷயம் இன்னும் பெரிதாயிற்று. டெல்லியிலும் சுற்றுப்புறங்களிலும் உள்ள தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கும்படி 2025 ஆகஸ்டு 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. நாய்ப்பிரியர்கள் வீதிக்கு வந்தார்கள். 11 நாள் கழித்து, ஆகஸ்டு 22-ந் தேதி, 3 நீதிபதிகள் கொண்ட பெஞ்சு அந்த உத்தரவை மாற்றியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம். வெறிபிடித்த நாய்களையும், ஆட்களைத் தாக்கும் நாய்களையும் விடக்கூடாது என்றது. பிறகு நவம்பர் 7-ந் தேதி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம் போன்ற இடங்களில் இருந்து தெருநாய்களை அகற்ற உத்தரவிட்டது.

வீட்டு நாய்களும் தப்பவில்லை. சென்னை மாநகராட்சி 2025-ல் வீட்டு நாய்களுக்கு உரிமம் எடுப்பதில் கண்டிப்பு காட்டியது. வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அடையாளம் காண நாயின் தோலுக்கு அடியில் "மைக்ரோசிப்" வைக்க வேண்டும். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. உரிமம் எடுக்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில், பிட்புல், ராட்வீலர் ஆகிய இரண்டு இனங்களுக்கும் புதிதாக உரிமம் கிடையாது என்றும் மாநகராட்சி முடிவு செய்தது.

இவ்வளவும் ஏன்? மத்திய சர்க்கார் கணக்குப்படி 2024-ம் வருடத்தில் நாடு முழுவதும் 37 லட்சத்துக்கும் அதிகமான நாய்க்கடிகள் பதிவாயின. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம்! இதனால்தான் ஜனங்கள் நாயைப் பார்த்தாலே நடுங்குகிறார்கள்.

இப்படிப்பட்ட காலத்தில் ஒரு நாய் வந்து மேலே விழுந்தால், "ஒன்றும் செய்யாது" என்ற சொல்லை யார் நம்புவார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1-ந் தேதி முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 291-வது பிரிவு, பிராணி வைத்திருப்பவர்களைப்பற்றியது. ஒருவர் தம்மிடம் உள்ள பிராணியால் மற்றவர் உயிருக்கு ஆபத்தோ, கொடுங்காயமோ நேரக்கூடும் என்று இருக்கும்போது, அதைத் தடுக்கத் தக்க ஏற்பாடு செய்யாமல் அலட்சியமாக இருந்தால் குற்றம். 6 மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். பழைய சட்டத்தில் அபராதம் 1,000 ரூபாய்தான்.

நாய் ஒருமுறை தாவினால் உடனே ஜெயில் என்று இதற்கு அர்த்தம் அல்ல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். "என் நாய் நல்ல நாய்" என்று சொல்வது ஓர் ஏற்பாடு ஆகாது. "நீ என்ன ஏற்பாடு செய்தாய்?" என்பதுதான் சட்டம் கேட்கும் கேள்வி.

கடிக்காத நாயாலும் ஆபத்து உண்டு

"தாவினால் என்ன? கடிக்கவில்லையே!" என்று சிலர் கேட்பார்கள்.

அமெரிக்காவில் நோய்த் தடுப்பு நிலையம் 2009-ல் ஒரு கணக்கை வெளியிட்டது. நாய், பூனைகளால் கீழே விழுந்து அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வருகிறவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு அது. வருடத்துக்குச் சுமார் 86,000 பேர்! அவர்களில் 100-க்கு 88 பேர் நாயால் விழுந்தவர்கள். நாய் தள்ளி விழுந்தவர்களும், நாய் காலில் இடறி விழுந்தவர்களும், நாய் இழுத்து விழுந்தவர்களும் அதில் அடக்கம். கடிபட்டவர்கள் கணக்கு இது அல்ல. வெறுமனே விழுந்தவர்கள் கணக்கு!

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். பாட்டி கோலம் போட்டுவிட்டு எழுந்திருக்கிறாள். தாத்தா கைத்தடியோடு வருகிறார். நிறைமாதக் கர்ப்பிணி மாடிப்படி இறங்குகிறாள். 3 வயதுக் குழந்தை நடைபழகுகிறது. ஒரு லாப்ரடார் நாய் சுமார் 30 கிலோ இருக்கும். அந்த எடை ஓடிவந்து மேலே விழுந்தால் என்ன ஆகும்? வயதான காலத்தில் இடுப்பு எலும்பு முறிந்தால் மறுபடி நடப்பதே கஷ்டம்.

இன்னொரு ஆபத்து நகம். நாய் தன் கால்களை நக்கும். நகத்தில் எச்சில் இருக்கும். அந்த நகம் கீறினால், அதையும் அலட்சியம் செய்யக்கூடாது. ரத்தம் வராத சிறு கீறலுக்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெறிநோய்க் கிருமி நாயின் எச்சிலில்தான் இருக்கிறது. நோயின் அறிகுறி தோன்றிவிட்டால், அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. ஆனால் அதற்கு முன்பே ஊசி போட்டுக்கொண்டால் பிழைத்துவிடலாம். பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1885-ல் ஒரு 9 வயதுச் சிறுவனுக்கு இந்த ஊசியைப் போட்டுக் காப்பாற்றினார். நமது குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-ல் ஏற்பட்டது.

நாய் கீறினாலும், கடித்தாலும் முதலில் செய்யவேண்டியது இதுதான்: குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் பூசாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எத்தனை ஊசி, எந்த ஊசி என்பதை டாக்டர் சொல்வார். நாலைந்து தடவை போகவேண்டி வரும். நடுவில் நிறுத்தக்கூடாது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் நாய் அன்பாகத்தான் தாவியது. ஆனால் சிலிண்டர்காரர் வேலையை விட்டுவிட்டு, நாலைந்து நாள் ஆஸ்பத்திரிக்கு நடக்கவேண்டும். அந்த நாள் கூலியை யார் கொடுப்பார்கள்?

நாய் ஏன் தாவுகிறது?

நாய் தாவுவது திமிரினால் அல்ல. அது நாயின் பிறவிப் பழக்கம்.

குட்டியாக இருக்கும்போது, வெளியே போன தாய் திரும்பி வந்தால் குட்டிகள் ஓடிப்போய் அதன் வாயை நக்கும். ஓநாய்க் குட்டிகளும் அப்படித்தான். தாய் ஓநாய் தான் தின்றுவந்த இரையைக் கக்கிக் குட்டிகளுக்குக் கொடுக்கும். "அம்மா வந்தாச்சு, சாப்பாடு வந்தாச்சு" என்ற ஆனந்தம் அது. வளர்ந்த பிறகும் அந்த வழக்கம் போவதில்லை. தனக்கு வேண்டியவர்களைக் கண்டால் முகத்துக்கு அருகே போக நாய் ஆசைப்படுகிறது.

மனிதனுடைய முகமோ 5 அடி உயரத்தில் இருக்கிறது. நாய் என்ன செய்யும்? தாவுகிறது!

அதாவது, நாய் வணக்கம் சொல்கிறது. அது சொல்லும் முறைதான் நமக்கு ஒத்துவரவில்லை. வேறு முறையில் வணக்கம் சொல்ல அதற்கு நாம் கற்றுக்கொடுக்கவேண்டும்.

தாவச் சொல்லிக்கொடுத்தது யார்?

இங்கேதான் நம் குற்றம் வெளியே வருகிறது.

குட்டி நாயை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். உள்ளங்கை அளவுதான் இருக்கிறது. காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறது. "அட, என் ராஜா!" என்று தூக்கிக் கொஞ்சுகிறோம். முத்தம் கொடுக்கிறோம். தாவினால் கொஞ்சுவார்கள் என்று குட்டி தெரிந்துகொள்கிறது.

8 மாதம் கழிகிறது. குட்டி மலைபோல் வளர்ந்துவிட்டது. அதே நாய் அதேபோல் தாவுகிறது. இப்போது, "சனியனே, போ அந்தப்பக்கம்!" என்று அடிக்கிறோம். நாய் என்ன நினைக்கும்? நேற்றுவரை சரியாக இருந்தது இன்றைக்கு எப்படித் தப்பாயிற்று?

அது மட்டுமா? அப்பா லுங்கி கட்டியிருக்கும்போது நாய் தாவினால் கொஞ்சுகிறார். வெள்ளை வேட்டி கட்டிக் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது தாவினால் உதைக்கிறார். அம்மா திட்டுகிறாள். பையன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு டான்ஸ் ஆடுகிறான். வீட்டில் நான்கு பேர், நான்கு சட்டம்! நாய் எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படும்?

அமெரிக்காவில் தார்ன்டைக் என்ற மனோதத்துவ நிபுணர் 1898-ல் ஓர் ஆராய்ச்சி செய்தார். பசித்த பூனைகளையும் நாய்களையும் கூண்டில் அடைத்து, வெளியே தீனி வைத்தார். உள்ளே ஒரு கயிறு அல்லது தாழ்ப்பாள். அதை அசைத்தால் கதவு திறக்கும். பிராணிகள் சுற்றிச் சுற்றி வந்தன, பிராண்டின. எதேச்சையாகத் தாழ்ப்பாள் அசைந்தது. கதவு திறந்தது. மறுபடி அடைத்தபோது முன்னைவிடச் சீக்கிரமாக வெளியே வந்தன. எந்தக் காரியத்தால் லாபம் கிடைக்கிறதோ அதைப் பிராணி மறுபடியும் செய்யும். லாபம் இல்லாததை மெள்ள மெள்ள விட்டுவிடும். இதுதான் அவர் கண்ட உண்மை.

தாவுகிற நாய்க்கு என்ன லாபம்? நம்முடைய பார்வை, நம்முடைய குரல், நம்முடைய கை. மூன்றும்தான் அதற்குத் தீனி. திட்டினாலும் நம் குரல் கிடைக்கிறது. தள்ளினாலும் நம் கை கிடைக்கிறது. நாள் முழுதும் தனியாகக் கட்டிக்கிடந்த நாய்க்கு, திட்டுக்கூட விருந்துதான்!

அடித்தால் திருந்துமா?

"நாலு போடு போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். முழங்காலால் நெஞ்சில் இடிக்கச் சொல்வார்கள். பின்னங்காலை மிதிக்கச் சொல்வார்கள். இவை எல்லாம் தவறான யோசனைகள்.

அடிபட்ட நாய், "தாவக்கூடாது" என்று கற்றுக்கொள்வதில்லை. "ஆள் வந்தால் அடி விழும்" என்றுதான் கற்றுக்கொள்கிறது. அப்புறம் வாசலில் ஆளைக் கண்டாலே பயப்படுகிறது. பயந்த நாய் உறுமும். உறுமுகிற நாயை மறுபடி அடித்தால், ஒருநாள் கடிக்கும். கொஞ்சத் தாவிய நாயைக் கடிக்கிற நாயாக நாமே மாற்றிவிடுகிறோம்!

பிராணிகளை அடிப்பதும் வதைப்பதும் 1960-ம் வருடத்துப் பிராணிவதைத் தடைச் சட்டப்படி குற்றம். காரணம் இல்லாமல் வெகுநேரம் சங்கிலியில் கட்டிவைப்பதும் குற்றம்தான்.

சரியான வழி என்ன?

வழி சுலபமானது. பணம் வேண்டாம். பொறுமை வேண்டும். சட்டம் ஒன்றே ஒன்று: "நான்கு காலும் தரையில் இருந்தால்தான் கொஞ்சல்."

1. நீங்கள் வெளியே போய்விட்டு வருகிறீர்கள். நாய் தாவுகிறது. பேசாதீர்கள். பார்க்காதீர்கள். தள்ளாதீர்கள். கைகளைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பி, முதுகைக் காட்டி நில்லுங்கள். சுற்றி வந்து தாவினால் மறுபடி திரும்பிக்கொள்ளுங்கள்.

2. எந்த நொடியில் நான்கு காலும் தரையில் படுகிறதோ, அந்த நொடியே குனிந்து மெல்லத் தடவிக்கொடுங்கள். "நல்ல பிள்ளை" என்று மெதுவாகச் சொல்லுங்கள். சிறு தீனித் துண்டு ஒன்றைக் கீழே, தரைக்கு அருகில் வைத்துக் கொடுங்கள். உயரத்தில் காட்டினால் அதற்காகவே தாவும். ஐந்து நிமிடம் கழித்துக் கொடுத்தால் பிரயோஜனம் இல்லை. எதற்காகக் கொடுத்தீர்கள் என்று நாய்க்கு விளங்காது.

3. மறுபடி தாவினால் மறுபடி முதுகு. தரையில் நின்றால் மறுபடி கொஞ்சல். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். தினம் இரண்டு மூன்று தடவை செய்யுங்கள்.

4. அடுத்தது உட்காரும் பாடம். தீனித் துண்டை நாயின் மூக்கின் முன் காட்டி, மெல்லத் தலைக்கு மேலே பின்பக்கமாகக் கொண்டுபோங்கள். நாய் தலையை உயர்த்தும். பின்பக்கம் தானாகத் தரையில் உட்காரும். "உட்கார்" என்று சொல்லி உடனே கொடுங்கள். தமிழில் சொன்னாலும் சரி, இங்கிலீஷில் சொன்னாலும் சரி. ஆனால் வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்லவேண்டும்.

5. பிறகு தெரிந்தவர் ஒருவரை உதவிக்கு அழையுங்கள். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் மெல்ல நடந்து வரட்டும். நாய் எழும்பினால் அவர் இரண்டு அடி பின்னால் போகட்டும். நாய் உட்கார்ந்தால் அவர் அருகில் வரட்டும். "உட்கார்ந்தால் விருந்தாளி வருவார், தாவினால் போய்விடுவார்" என்று நாய் கண்டுகொள்ளும்.

6. இந்தப் பாடம் முடியும் வரையில், வாசல் மணி அடித்தால் முதலில் நாயைக் கயிற்றில் பிடியுங்கள், அல்லது உள் அறையில் விடுங்கள். அப்புறம் கேட்டைத் திறவுங்கள். தாவப் பழகிய நாய்க்கு ஒவ்வொரு தாவலும் ஒரு பயிற்சிதான்.

7. காலையும் மாலையும் நடக்க அழைத்துப் போங்கள். ஓடி ஆடாத நாய்க்குத்தான் துள்ளல் அதிகம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாடம் ஆரம்பித்த முதல் சில நாட்களில் நாய் முன்னைவிட அதிகமாகத் தாவலாம்! "வழக்கமாகக் கிடைக்கிற கொஞ்சல் ஏன் கிடைக்கவில்லை?" என்று இன்னும் பலமாக முயற்சி செய்யும். பல பேர் இந்த இடத்தில்தான் தோற்றுப்போகிறார்கள். பத்தாவது தாவலில் மனம் இளகிக் கொஞ்சிவிட்டால், பத்துத் தடவை தாவவேண்டும் என்று நாய் கற்றுக்கொள்ளும். கெட்டியாக நின்றால் சில வாரங்களில் மாறுதல் தெரியும்.

குட்டிகளுக்குச் சீக்கிரம் வரும். வயதான நாய்களும் கற்றுக்கொள்ளும். உடம்பை விறைத்துக்கொண்டு, பல்லைக் காட்டி, உறுமி வருகிற நாய்க்கு இந்தப் பாடம் போதாது. அதைக் கால்நடை டாக்டரிடம் காட்டி யோசனை கேளுங்கள்.

குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்

நாய் வளர்க்காத வீட்டாரும் தங்கள் குழந்தைகளுக்குச் சில விஷயங்களைச் சொல்லித் தரவேண்டும். வெறிநோய் சந்தேகமுள்ள பிராணிகளால் கடிபடுகிறவர்களில் 100-க்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நாய் ஓடி வந்தால் ஓடாதே. ஓடினால் அது துரத்தும். கத்தாதே. கைகளை வீசாதே. கைகளைக் கட்டிக்கொண்டு மரம்போல் அசையாமல் நில். அதன் கண்ணை முறைத்துப் பார்க்காதே. கீழே விழுந்துவிட்டால் பந்துபோல் சுருண்டு, கைகளால் கழுத்தையும் காதுகளையும் மூடிக்கொள். நாய் கீறினால் அம்மாவிடம் மறைக்காதே. "அடிப்பார்கள்" என்று பயந்து குழந்தை மறைப்பது உயிருக்கே ஆபத்தாக முடியும். எனவே, பெற்றோர்களே, நாய்க்காயத்தோடு வரும் குழந்தையை ஒருபோதும் திட்டாதீர்கள்.

சின்னக் குழந்தையையும் நாயையும் ஒரே அறையில் தனியாக விடாதீர்கள். உங்கள் வீட்டு நாயே ஆனாலும் சரி.

கைவிடப்பட்ட நாய் எங்கே போகிறது?

இந்த விஷயத்தில் நாய்க்கும் ஓர் ஆபத்து இருக்கிறது.

தாவுகிற நாயைக் கண்டு விருந்தாளிகள் வருவதில்லை. அடுக்குமாடி வீட்டில் லிப்டில் ஏறினால் பக்கத்து வீட்டு அம்மாள் இறங்கிவிடுகிறார். சங்கத்துக்குப் புகார் போகிறது. "நாயை வெளியே விடு, இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்" என்கிறார் வீட்டுச் சொந்தக்காரர். கடைசியில் ஒரு ராத்திரி, நாயைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே இறக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

இதுவும் குற்றம். பட்டினி கிடக்கும்படி பிராணியைக் கைவிடுவதை அதே 1960-ம் வருடத்துச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் அந்த நாய்க்குச் சட்டம் தெரியுமா? இறங்கிய இடத்திலேயே அது காத்திருக்கிறது. ஒவ்வொரு கார் வரும்போதும் ஓடிப்போய்ப் பார்க்கிறது. தெரியாத ஆள்மேல் பழைய ஆசையில் தாவுகிறது. கல்லடி படுகிறது. உயிர் பிழைத்தால் தெருநாய்க் கூட்டத்தில் ஒன்றாகிறது.

தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யவேண்டும், தடுப்பூசி போடவேண்டும் என்று 2023-ம் வருடத்து விதிகள் உள்ளாட்சிகளுக்குச் சொல்கின்றன. கோர்ட்டும் அதைத்தான் கேட்கிறது. செய்யவேண்டிய வேலைதான். மாநகராட்சிகள் அதைச் சரிவரச் செய்யாவிட்டால் கேட்க ஜனங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒருபக்கம் சர்க்கார் தெருநாய்களைக் குறைக்கப் பாடுபடும்போது, மறுபக்கம் நாம் வீட்டு நாய்களைத் தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தால், இந்தக் கணக்கு எப்போது தீரும்?

எந்த இனத்தைத் தடை செய்வது, எந்தத் தெருவில் நாய் இருக்கலாம், எங்கே இருக்கக்கூடாது என்பதை எல்லாம் கோர்ட்டும் சர்க்காரும் தீர்மானிக்கட்டும். அதற்கு நாளாகும். ஆனால் நம் வீட்டு நாய் வாசலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைத் தீர்மானிக்க எந்தக் கோர்ட்டும் வேண்டாம். இன்று மாலையே ஆரம்பிக்கலாம்.

உரிமம் வாங்கினால் நாய் நமக்குச் சொந்தம் என்று ஏற்படுகிறது. தடுப்பூசி போட்டால் நோய் வராது என்று ஏற்படுகிறது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பயம் இல்லாமல் நம் வாசலுக்கு வரவேண்டும் என்றால், அதற்குக் காகிதமும் ஊசியும் போதாது. பழக்கம் வேண்டும்.

அடுத்த தடவை சிலிண்டர்காரர் வரும்போது வாசலுக்குப் போங்கள். நாயைப் பார்த்து, "உட்கார்" என்று சொல்லுங்கள். அது உட்காரட்டும். பிறகு கேட்டைத் திறவுங்கள்.

"ஒன்றும் செய்யாது" என்று நீங்கள் வாய் திறந்து சொல்லவே வேண்டாம். உட்கார்ந்திருக்கும் நாயைப் பார்த்து அவரே தெரிந்துகொள்வார்.